நூறு வருடங்களுக்கு முன் மட்டக்களப்பில் பொழுது எப்படிப் போனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடசாலைச் செயற்றிட்டத்துக்காக வரும் பிள்ளைகளும், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து அப்பப்பாவின் ஊரைத் தேடித் திரிபவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஏறத்தாழ 1900 முதல் 1930 வரையான காலத்தைப் பற்றியவை இவை. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் தனியாகப் பிரிந்தது. அதனால் கல்முனை, காரைதீவு, திருக்கோவில், தம்பிலுவில் எல்லாம் இந்தப் பக்கத்தில் மட்டக்களப்பாகவே வரும்.

அப்போது மட்டக்களப்பு நகரம் என்றால் எவ்வளவு பெரியது?

சிறியது. வாவிக்குள் இருக்கும் புளியந்தீவுதான் நகரம். கோட்டை, அதற்குள் கச்சேரி என்ற அரச அலுவலகம், தேவாலயங்கள், கடைத்தெரு, பள்ளிக்கூடங்கள் என்று எல்லாமே அந்தத் தீவுக்குள் அடக்கம். வில்லியம் ஓல்ற் என்ற மெதடிஸ்த குருவானவர் 1814இல் வந்திறங்கித் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் வந்தது. தீவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆறுதலாக நடந்தே போய்விடலாம்.

ஆனால் நகரத்தின் பொழுதுபோக்கு நகரத்துக்குள் இருக்கவில்லை. இதை முதலில் விளங்கிக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும். கொழும்பில் 1911இல் மருதானையில் டவர் மண்டபம் திறந்தார்கள். நாட்டுப்புறத்தார் நாடகம் பார்க்க நகரத்துக்குப் போனார்கள். இங்கே தலைகீழ். புளியந்தீவு எழுதுவினைஞரும் கடை முதலாளியும் நல்ல ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் வாவியைக் கடந்து ஊருக்குள் போக வேண்டும். வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. இடையில் தோணியும், ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடத்தும் பாதையும் மட்டும்தான். மண்முனைப் பாதை 2014இல் பாலம் வரும்வரை ஓடியது. குறுமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் கடந்தவர்கள் இதை வாசிப்பவர்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள்.

வருடம் முழுக்கக் கொண்டாட்டம் இருந்ததா?

இல்லை. மழையும் வயலும்தான் நாட்காட்டி. ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை வாடை மழை. வாவி பெருகி, முகத்துவாரம் வெட்டுப்பட்டு, ஊருக்கு ஊர் போக்குவரத்தே அறுந்துவிடும். மாசி, பங்குனியில் பெரும்போக வேளாண்மை வெட்டு. சூடு மிதித்து நெல் வீட்டுக்கு வந்த பிறகுதான் கையில் காசும் மனதில் ஆறுதலும். சித்திரை வருடப்பிறப்போடு ஊஞ்சலும் விளையாட்டும் தொடங்கும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, ஆடியில் அமாவாசைத் தீர்த்தம், ஆவணி புரட்டாதியில் தேரும் தீமிதிப்பும். கச்சான் காற்று அடிக்கும் இந்த வறண்ட மாதங்கள்தான் கூத்துக்கும் காலம். வெட்டவெளியில் விடிய விடிய ஆடுகிற ஆட்டத்துக்கு மழை ஆகாது.

கூத்து என்றால் ஒரு இரவு நாடகம்தானே? அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

ஒரு இரவு என்பது கடைசியில் வருவது. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஒரு ஊரே அதற்குள் கிடந்தது. அதுதான் உண்மையான பொழுதுபோக்கு.

வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு ஊர்ப் பெரியவர்கள் கூடி எந்தக் கூத்துப் போடுவது என்று பேசுவார்கள். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாருக்கு வெற்றிலை வைத்து அழைப்பார்கள். அவர் ஆட்களைப் பார்ப்பார்: குரல் யாருக்கு இருக்கிறது, யாருக்குக் காலில் தாளம் நிற்கிறது, பெண் வேசத்துக்கு எந்தப் பொடியன் பொருந்துவான். பாத்திரங்களைப் பிரித்துப் பாட்டைக் கையில் கொடுப்பதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். யாருக்கு இராச வேசம், யாருக்குச் சேவகன் வேசம் என்பதில் குடிக்குக் குடி, அதாவது குலத்துக்குக் குலம், மனத்தாங்கலும் வரும், சமாதானமும் வரும். அதன் பிறகு இரவிரவாகப் பழக்கம். பகலில் வயலிலும் தோணியிலும் நின்ற மனிதர், இரவில் விளக்கு வெளிச்சத்தில் தாளக்கட்டுச் சொல்லி மிதித்துக்கொண்டு நிற்பார். எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் நூற்றுக்கணக்கான பாட்டுகளைக் கேட்டே பாடமாக்கினார்கள். கால் பழகிய பிறகு சதங்கை அணிதல். அது ஊருக்கே ஒரு விழா. அதைத் தொடர்ந்து கிழமைக்கு ஒருமுறை ஆடிப் பார்ப்பது, அடுக்குப் பார்த்தல், ஈற்றில் அரங்கேற்றம். அரங்கேற்றம் முடிந்தும் விடமாட்டார்கள். வேசத்தோடு வீட்டுக்கு வீடு ஆடி, வீட்டார் கொடுப்பதை வாங்கிக்கொண்டு முடிப்பார்கள்.

கூத்து ஆடும் இடமான களரியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். வட்டமாக மண் போட்டு உயர்த்திய நிலம், மேலே வெள்ளை கட்டிய பந்தல், சுற்றிலும் நட்ட வாழைக் குற்றிகளில் விளக்கு. நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியார், பக்கத்தில் சல்லரிக்காரர், கொப்பி பார்க்கிறவர், பின்னால் பக்கப்பாட்டுக்காரர். ஆட்டக்காரர் இவர்களைச் சுற்றி வட்டமாக ஆடுவார். மேடைக்கு முன்புறம், பின்புறம் என்ற பேச்சே கிடையாது. நாலு பக்கமும் சனம். முதலில் கட்டியக்காரன் வந்து இராசாவின் வரவைச் சொல்லுவான். பிறகு இரண்டு பேர் வெள்ளைச் சீலையைப் பிடிக்க, அதன் பின்னால் நின்று முதல் ஆட்டம். சீலை விலகினதும் கண்ணாடித் துண்டுகள் பதித்த முடி பந்த வெளிச்சத்தில் மின்னும். அந்தக் கணத்தில் சிறுபிள்ளைகள் நித்திரைப் பாயில் இருந்து எழும்பிவிடுவார்கள்.

பார்ப்பவர்களுக்குக் கதை முழுதும் தெரியும். பாட்டும் பாதி தெரியும். தாளம் பிசகினால் பாயில் இருக்கிற கிழவனே சத்தம் போட்டுத் திருத்துவார், ஏனென்றால் அவரும் முப்பது வருடத்துக்கு முன் அதே வேசம் கட்டியவர். பார்ப்பவர் வேறு, ஆடுபவர் வேறு என்று கோடு கிழிக்க முடியாத ஒரு கலையாக அது இருந்தது. காசு கொடுத்து இருக்கையில் அமர்ந்து பார்ப்பதை மட்டும் பொழுதுபோக்கு என்று எண்ணுகிற இன்றைய கண்ணுக்கு இது பிடிபடுவது கடினம்.

வடமோடிக்கும் தென்மோடிக்கும் என்ன வித்தியாசம்?

சுருக்கமாகச் சொல்வதென்றால் வடமோடி போர்க்கதை, தென்மோடி பெரும்பாலும் காதல் கதை. பாரத, இராமாயணக் கதைகள் வடமோடிக்குப் போகும். அதன் அரச வேசத்துக்குப் பாரமான கரப்புடுப்பும் பெரிய முடியும் உண்டு. அந்தப் பாரத்தோடு துள்ளி மிதிக்க வேண்டும், ஆட்டம் வேகம். தென்மோடியில் உடுப்புப் பாரமில்லை. தாளக்கட்டு நுணுக்கமானது, பாட்டை இழுத்துப் பாடுவார்கள். ‘அலங்காரரூபன் நாடகம்’ தென்மோடி. அதைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்து 1962இல் அச்சில் கொண்டுவந்தார். ஊருக்கு ஊர் ‘எங்கட மோடிதான் மோடி’ என்ற பெருமை இருந்தது. அந்தப் போட்டி இல்லாமல் இரண்டும் இவ்வளவு காலம் உயிரோடு இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

கூத்துக்கு டிக்கட் உண்டா? செலவை யார் பார்த்தது?

டிக்கட் இல்லை. ஊர்தான் செலவு. நெல்லாகவும் காசாகவும் வீட்டுக்கு வீடு சேர்ப்பார்கள். வசதியானவர் உடுப்புச் செலவை ஏற்பார். களரியில் நன்றாக ஆடினவருக்கு உறவினர் எழுந்து வந்து சால்வை போடுவதும் காசு குத்துவதும் உண்டு. மச்சான்மார் மாறி மாறிப் போட்டி போட்டுச் செய்வார்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுக் காட்சிகளுக்கு அனுமதி தேவை என்கிற சட்டம் 1912இல் வந்தது, அந்த ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இலங்கையில் நாடக அனுமதி பற்றிப் பேசும்போது இன்றும் அடிபடும் சட்டம் அது.

பெண்கள் இதிலெல்லாம் கலந்துகொண்டார்களா?

களரியில் ஏறவில்லை. பெண் வேசத்தையும் ஆண்களே கட்டினார்கள். ஆனால் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள்தான். பாய், தலையணை, வெற்றிலைத் தட்டு, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் எல்லாம் கட்டிக்கொண்டு வருவார்கள். ‘மறுகா வீட்ட போய்ப் படுக்கலாம், இது முடியட்டும்’ என்று விடியும்வரை இருப்பார்கள்.

பெண்களுக்கென்றே இருந்தவையும் உண்டு. சித்திரையில் மரக்கிளையில் கட்டிய பெரிய ஊஞ்சலும் ஊஞ்சல் பாட்டும், கும்மி, வயலில் நாற்றுப் பிடுங்கும்போதும் களை எடுக்கும்போதும் எதிரெதிராகப் பாடிய கவி. தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் கவி பாடினார்கள். பெயர் இல்லாமல் வாயிலிருந்து வாய்க்குப் போன அந்தக் கவிகளில் மிக நல்லவை பல பெண் குரலில்தான் இருக்கின்றன. ஊர்ப் பெரியவர் முன் வாய் திறக்க முடியாததை அந்த நாலு வரியில் சொன்னார்கள்.

கோயில் திருவிழாவைப் பொழுதுபோக்கு என்று சொல்லலாமா?

முதலில் அது வழிபாடு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வருடத்தில் ஒரு தடவை குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளிக்கிட்டு, இரண்டு மூன்று நாள் தங்கி, புது இடமும் புது முகமும் பார்க்கக் கிடைத்த பயணமும் அதுதான்.

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் நகரத்துக்கு மிகக் கிட்ட. ஆடி அமாவாசையில் அந்தக் குளத்தில் தீர்த்தமாட முழு மாவட்டமும் திரளும். தகப்பனை இழந்தவர்கள் விரதத்தோடு வருவார்கள், பிள்ளைகள் கடை பார்க்க வருவார்கள். வளையல், மண்சட்டி, பனையோலைக் கிலுகிலுப்பை, கடலை, எள்ளுருண்டை. அதே நாளில் தெற்கே திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமிக்குக் கடலில் தீர்த்தம். எங்கே போவதென்று வீட்டுக்குள் வாக்குவாதம் நடக்கும்.

கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் தேர் படுவான்கரைக்கு உரியது. பறங்கித் தளபதி முன் கல்நந்தி புல்லுண்ட கதையை அறியாத பிள்ளை இங்கே இல்லை. எழுவான்கரைச் சனம் வாவியைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். தேருக்கு முந்திய இரவில் தோணிகள் வரிசையாகப் போவதும், ஒரு தோணியில் ஒருவர் பாட்டெடுக்க அடுத்த தோணி பதில் பாடுவதும் திருவிழாவின் பாதி இன்பம். கரையில் இறங்கி, மர நிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு, வடம் பிடிக்கப் போவார்கள்.

கண்ணகை அம்மன் சடங்கு வேறு சாயல். வருடம் முழுக்கச் சாத்திக் கிடக்கும் கோயில் வைகாசியில் திறக்கும். இரவிரவாகக் கண்ணகி கதையான வழக்குரை பாடுவார்கள், கடைசி நாள் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி. செட்டிபாளையம், மகிழூர், வந்தாறுமூலை, காரைதீவு, தம்பிலுவில் என்று கோயில்கள் நிரையாக இருக்கின்றன. பாண்டிருப்பில் திரௌபதி அம்மனுக்குப் பதினெட்டு நாள். அங்கே பாரதக் கதையே ஊர்த்தெருவில் நடக்கும். பஞ்சபாண்டவர் வனவாசம் போவதைச் சனம் பின்னாலேயே நடந்து பார்க்கும், கடைசியில் தீமிதிப்பு.

கொம்புமுறி என்றால் என்ன?

இது மட்டக்களப்பின் அரிய சொத்து. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். நீ எந்தச் சேரி என்பது பிறப்போடு வரும். வைரமான மரத்தில் வளைந்த இரண்டு கொம்புகள் செய்து, ஒன்றில் ஒன்றைக் கொளுவி, வடம் கட்டி இரு பக்கமும் இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். அதற்கு முன்னால் போர்த்தேங்காய் அடிப்பு நடக்கும். மழை பொய்த்து, அம்மை போன்ற நோய் பரவும் காலத்தில் அம்மனைக் குளிர்விக்கச் செய்த சடங்கு இது. வென்றவர்கள் தோற்றவர்களை நக்கலடித்துப் பாடும் வசைப்பாட்டு இதன் உப்பும் புளியும். அண்ணன் தம்பி போல் இருந்த வீட்டார் அந்த நாட்களில் முகம் பார்க்காமல் போவார்களாம், கொம்பு முறிந்த பிறகு கூடிச் சாப்பிடுவார்களாம். பெரிய கொம்பு இழுக்கும்போது கைகலப்பு வந்த ஊர்களும் உண்டு.

வசந்தன் ஆட்டத்தையும் இதே மூச்சில் சொல்ல வேண்டும். பொடியன்மார் வட்டமாக நின்று கோலடித்து ஆடுவது. கூத்துக்காரனின் கால் முதலில் பழகும் இடம் அதுதான்.

முஸ்லிம் ஊர்களில் எப்படி?

பெரிய விழா என்றால் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம். நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாவின் பெயரில், ஜமாதுல் ஆகிர் மாதப் பிறையோடு தொடங்கிப் பன்னிரண்டு நாள். கடற்கரை மணலில் கடைகள், கந்தூரிச் சோறு, பக்கீர்மார் றபான் அடித்துப் பாடும் பைத். மற்ற நாட்களில் கல்யாண ஊர்வலத்தில் பொல்லடி, களிகம்பு, சீனடி, சிலம்பம். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று எல்லாவற்றிலும் இவற்றுக்குப் பேர்போன ஆட்கள் இருந்தார்கள். பொல்லடியில் பொல்லோடு பொல் விழும் ஓசைக்கே பாட்டு நடக்கும். வசந்தன் கோலடியையும் பொல்லடியையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பக்கத்துப் பக்கத்து ஊர்களாக நூற்றாண்டுகள் வாழ்ந்ததன் அடையாளம் காலடியிலேயே தெரியும். பெருநாளுக்கு ஊஞ்சல் கட்டுவதும் அப்படியே.

பறங்கியர் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறார்களே?

மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பறங்கியர் தச்சு, இரும்பு வேலை, சப்பாத்து வேலையில் பேரெடுத்தவர்கள். வீட்டில் தங்கள் போர்த்துக்கேயப் பேச்சையும், வெளியில் நம் தமிழையும் பேசினார்கள். கல்யாணம் என்றால் வயலினும் மேளமும் வரும். சோடி சோடியாக நின்று ஆடும் லன்சர்ஸ், பிறகு கபிரிஞ்ஞா. தச்சுப் பட்டறையில் பகல் முழுக்க உளி பிடித்த கை இரவில் வயலின் வில்லைப் பிடிக்கும். ஆணும் பெண்ணும் கை கோத்து ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது அயலாருக்கு ஒரு காட்சி. இலங்கை முழுதும் பரவிய பைலாவுக்கு இந்த இசையும் ஒரு வேர். அந்தப் பேச்சும் அந்த ஆட்டமும் இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை. நம் நகரத்தின் பெருமைகளில் இதை நான் மேலே வைக்கிறேன்.

பாடுமீனைக் கேட்க அந்தக் காலத்திலேயே போனார்களா?

போனார்கள். நிலா இரவில் வாவித் தண்ணீருக்குள்ளிருந்து எழும் ஓசையைத்தான் பாடுமீன் என்கிறோம். எமர்சன் டெனன்ற் என்ற பிரித்தானிய அதிகாரி 1848இல் இங்கே வந்து, இரவில் வாவியில் தோணியில் போய்க் கேட்டதை எழுதியிருக்கிறார். தோணியைத் துளாவி நிறுத்தினால், கண்ணாடிக் கோப்பையின் விளிம்பை ஈர விரலால் தேய்க்கும் போது வருவது போன்ற மெல்லிய ஓசைகள் பலவாக எழுந்ததாம். மீனவர்கள் அவரிடம் அது ஊரி என்ற நத்தையின் குரல் என்றார்கள். மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

முறை எளிது. வெயில் மாதங்களில், காற்று அடங்கிய நிலாக்கால இரவு. வாவி அசையாமல் கிடக்க வேண்டும். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். விருந்தாளி வந்தால் தோணி பிடித்துக்கொண்டு போவது நகரத்து வீடுகளில் பெரிய உபசாரம். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அந்த ஓசையை நீரர மகளிரின் பாடலாகக் கண்டு கவிதை செய்தார். 1950களில் அமெரிக்க இயேசு சபைக் குரு ஒருவர் அதை ஒலிப்பதிவும் செய்தார். இன்று மோட்டார் எந்திரமும் வாகன இரைச்சலும் நிற்காத இடத்தில் அதைக் கேட்பது மிக அரிது. அந்த அமைதி நமக்கு இருந்தது, அதை நாம்தான் இழந்தோம்.

கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவார்களா?

இன்று கல்லடிக் கடற்கரையில் காணும் கூட்டம் அப்போது இல்லை. கடற்கரை கரைவலைக்காரரின் வேலைத்தலம். வலை இழுக்கும் நேரம் போனால் அம்பாப் பாட்டுக் கேட்கலாம், மீனும் வாங்கலாம். உலாவப் போவது புளியந்தீவு வாவிக்கரைக்குத்தான். வாவியில் முதலை உண்டு என்பதால் கண்ட இடத்தில் இறங்கிக் குளிக்கமாட்டார்கள். முகத்துவாரத்தில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு, 28 மீற்றர் உயரம், தோணியில் போய்ப் பார்த்துவரும் இடமாயிற்று.

பெரிய மாற்றம் கல்லடிப் பாலம். 1918 முதல் 1925 வரை தேசாதிபதியாக இருந்த வில்லியம் மானிங்கின் மனைவி பெயரில், லேடி மானிங் பாலம். அதற்கு முன் கல்லடிக்குத் தோணிதான். பாலம் வந்த பிறகு பின்னேரத்தில் நடந்து போய்க் காற்று வாங்குவது, பாலத்தில் நின்று வீச்சுவலைக்காரரைப் பார்ப்பது, நிலவில் பாடுமீனுக்குக் காது கொடுப்பது எல்லாம் காசில்லாத இன்பமாக எல்லாருக்கும் கிடைத்தன.

டிறாமா, பயஸ்கோப், கிராமபோன் எப்போது வந்தன?

தமிழ்நாட்டு நாடகக் கம்பனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே இலங்கைக்கு வந்து போயின. ஆர்மோனியமும், படம் கீறிய திரையும், முன்பக்கம் மட்டும் திறந்த மேடையும் அவற்றோடு வந்தன. அந்தப் பாணியை ஊரவர்கள் டிறாமா என்றார்கள். படித்த இளைஞருக்கு அது நாகரிகம். கூத்து ‘நாட்டுப்புறத்தான் ஆட்டம்’ என்ற இளக்காரம் அப்போதுதான் தலையெடுத்தது. அந்த இளக்காரம் செய்த கேட்டை நீக்க 1960களில் வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை மேடையேற்றிப் பாடுபட வேண்டியதாயிற்று.

படம் இலங்கையில் முதன்முதலாக 1901இல் காட்டப்பட்டது. தமிழில் பேசும் படம் 1931இல்தான். அதுவரை ஊமைப் படம், கூடாரம் அடித்து ஊரூராகக் காட்டுவது. 1928இல் கோச்சி, அதாவது ரயில், மட்டக்களப்புக்கு வந்த பிறகு கொழும்பிலிருந்து ஆட்களும் படப் பெட்டிகளும் வந்து சேர்வது இலகுவாயிற்று. அதற்கு முன் காட்டுப் பாதையில் வண்டி, அல்லது கரையோரக் கப்பல். கோச்சி வருவதைப் பார்க்கப் போவதே சில காலம் ஒரு பொழுதுபோக்கு.

கிராமபோன் வசதியான வீட்டிலும் தேத்தண்ணிக் கடையிலும் இருந்தது. கைபிடியால் சுற்றி முடுக்க வேண்டும். ஒரு பக்கம் மூன்று, நாலு நிமிடம் பாடும். ஊசியை அடிக்கடி மாற்றாவிட்டால் தட்டைக் கீறிவிடும். கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கொழும்பில் சேர்ந்து நடித்தவர்கள். அவர்களின் தட்டுகளுக்கு இங்கே தனி மவுசு. கொழும்பு வானொலி 1925இல் தொடங்கியது என்றாலும் ஊருக்குள் றேடியோ பரவியது பிந்தித்தான்.

வெள்ளைக்கார அதிகாரிகள் என்ன செய்தார்கள்?

டென்னிஸ், வேட்டை. வயல்வெளிகளில் உள்ளான் என்ற பறவையைச் சுடுவது அவர்களுக்குப் பெரிய பித்து. அந்த உலகத்துக்கும் ஊருக்கும் தொடர்பு குறைவு. துவக்குத் தூக்கவும் பறவை பொறுக்கவும் போன ஊர்ப் பிள்ளைகள்தான் பாலம். பள்ளிக்கூடங்கள் வழியாக வந்த காற்பந்தும் கிரிக்கெட்டும் மட்டும் நமக்குள் ஊறி நிலைத்தன.

சிறுவர்களுக்கு என்ன விளையாட்டு?

கிளித்தட்டு, எட்டுக்கோடு, கிட்டிப்புள், போளை. பெண் பிள்ளைகளுக்குக் கொக்கான், பாண்டிக்குழி, தாயம். பெரியவர்களும் மழைக்காலத்தில் தாயத்திலும், கடுதாசியில் முந்நூற்று நாலிலும் பொழுதைப் போக்கினார்கள்.

இவற்றில் எல்லாருக்கும் சமமாக இடம் இருந்ததா?

இல்லை. அந்தக் காலத்தை அழகாகச் சொல்லும்போது இதை விட்டுவிடக்கூடாது. பறைமேளம் இல்லாமல் திருவிழா இல்லை. ஆனால் அந்த மேளத்தை அடித்தவருக்குக் கோயிலுக்குள் இடமில்லை. தேர்வடத்தை எந்தக் குடி முதலில் தொடுவது, எந்தச் சாதி எந்த எல்லையில் நிற்பது என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இருந்தன. கூத்திலும் அந்தந்தச் சமூகம் தன்தன் களரியில்தான் ஆடியது. பறைமேளக் கூத்து என்ற அருமையான ஆட்டம் அந்த ஒதுக்கத்துக்குள் இருந்துதான் வளர்ந்தது. அதன் தாளக்கட்டுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும், வடமோடி தென்மோடிக்கு அது ஒரு சொட்டும் குறைந்ததல்ல.

இன்று இவற்றை எங்கே பார்க்கலாம்?

வைகாசியிலிருந்து புரட்டாதிக்குள் வாருங்கள். மாமாங்கமும் கொக்கட்டிச்சோலையும் பாண்டிருப்பும் அப்படியே இருக்கின்றன. கூத்துக்குச் சீலாமுனையில் விசாரியுங்கள், ஊர் மக்களே பழக்கி ஆடுகிறார்கள். கல்லடியில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் மாணவர்கள் பயில்கிறார்கள். மேடையில் ஒரு மணித்தியாலமாகச் சுருக்கியதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஊர்க்களரியில் ஒரு முழு இரவு இருந்து பாருங்கள். பழைய கல்லடிப் பாலத்தில் நடக்கலாம், 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் அப்பப்பாவின் கூத்துக் கொப்பியும் பழைய படங்களும் இருக்கின்றன. என்ன செய்வது?

முதலில், தூக்கி எறியாதீர்கள். பிளாஸ்ரிக் உறை ஒட்டவும் வேண்டாம், அது தாளைத் தின்றுவிடும். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படம் பிடியுங்கள், வெற்றுப் பக்கத்தையும் விடாமல். பாட்டின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தால் அதுதான் பெறுமதி, எந்த இடத்தில் எந்தத் தாளம் என்று அண்ணாவியார் போட்ட குறிப்பாக இருக்கலாம். படங்களின் பின்புறத்தில் யார், எந்த ஊர், எந்தக் கூத்து என்று மெல்லப் பென்சிலால் எழுதுங்கள், பேனை வேண்டாம். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து ஆவணங்களை மின்வடிவாக்கி எல்லாருக்கும் இலவசமாக வைத்திருக்கிறது, அவர்களிடம் கொடுக்கலாம். மூலக் கொப்பி உங்களிடமே இருக்கட்டும். வீட்டில் எண்பது வயதைத் தாண்டினவர் இருந்தால் கொப்பியை விரித்து ஒரு பாட்டை வாசித்துக் காட்டி, பக்கத்தில் கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டு வையுங்கள். அடுத்த அடியை அவர் பாடுவார். மெட்டு கொப்பியில் இல்லை, அவரிடம்தான் இருக்கிறது.